தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி?

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் பெற்ற ஒருவர், கடைக்குப் போகுமுன் தம் நண்பர்களை யோசனை கேட்பாரானால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுவர். அந்நிய நாட்டில் செய்த பெயர்பெற்ற சரக்கே சிறந்தது என்பார் ஒருவர். குண்டு பெரிதாக இருக்க வேண்டும் என்பார் மற்றொருவர். தோட்டாக்கள் அதிகமாகக் கொள்ளுவதே நல்லது என்பார் மூன்றாமவர். ஆனால் இவர்களில் எவரும், அவர் வேஷ்டி கட்டுகிறவரா கால்சட்டை அணிகிறவரா, அவர் கையின் வலு எவ்வளவு, வீட்டில் சிறு குழந்தைகள் உண்டா, சுட்டுப் பழகுவதற்கு அவருக்கு இடமும் தோட்டாவும் கிடைக்குமா என்று கேட்பதில்லை. இக்கேள்விகளுக்கு விடை காணாமல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது, நோயாளியைப் பாராமல் மருந்தைத் தேர்ந்தெடுப்பது போன்றதாகும். ஆகையால் இவ்விஷயத்தைச் சிறிது விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

ஆயுதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் நேயர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பழைய சரித்திரத்தைச் சற்று நினைவூட்டுவது அவசியம். 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபுவின் சர்க்கார் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்து, இந்தியப் பிரஜைகளை லைசென்ஸ் என்னும் கட்டுக்குள் வைத்து, ஐரோப்பியருக்கு மாத்திரம் விலக்களித்தது. 1887-ம் வருஷத்தில் நமது சென்னை நகரில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை, அச்சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று தீர்மானம் செய்தது. அஹிம்சையைத் தமது ஜீவனாகக் கொண்ட காந்தியடிகளே, 1930-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளுள் ஒன்றாக, தற்காப்புக்கான துப்பாக்கிகளுக்கு, பொதுஜனக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, லைசென்ஸ் வழங்கவேண்டும் என்பதைச் சேர்த்தார். மறு வருஷம் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகளின் ஜாபிதாவிலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம் பெற்றது. 1948-ம் வருஷக் கடைசியில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச்.வி. காமத் இதனை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. ஆகவே நம் நாட்டில் ஆயுதம் தாங்குவது பிரஜையின் அடிப்படை உரிமையாக இல்லாமல், சர்க்கார் ஆராய்ந்து அளிக்கும் அனுமதியாகவே நின்றுவிட்டது. அந்த அனுமதியைப் பெற்றவர் அதை எவ்விதம் பயன்படுத்துகிறார் என்பதே இப்பொழுது நம் முன் உள்ள கேள்வி.

சட்டம் விடும் வழி

இப்பொழுது அமலில் உள்ளது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். இதன்படி இருபத்தொரு வயது நிரம்பியவர், ஜில்லா மாஜிஸ்திரேட்டிடமோ, போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் கமிஷனரிடமோ விண்ணப்பம் செய்து, போலீஸ் விசாரணைக்குப் பின் லைசென்ஸ் பெறவேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை, 2019-ம் வருஷத்துத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸின் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியது. கலியாணத்திலும் திருவிழாவிலும் களிப்பு மிகுதியால் வானை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு அபாயம் விளைவிப்போருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும், லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்று விதித்தது.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியில் பாதியைச் சட்டமே முடிவு செய்து விடுகிறது. ராணுவமும் போலீஸும் கையாளும் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகள் சாதாரணப் பிரஜைக்கு விலக்கப்பட்டவை. 9 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டா, .380, .455 ஆகிய விளிம்புத் தோட்டாக்கள் எல்லாம் இந்த விலக்கில் அடங்கும். உலகத்தில் தற்காப்புக்காக மிகுதியாக விற்பனையாகும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் நம்மவருக்கு எட்டாத கனியாயிருப்பது இதனால்தான். அதோடு, 1980-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலத்திலேயே தனி மனிதர் அந்நியத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டுவிட்டதால், அதற்கு முன் வந்த பழைய சரக்கே கை மாறிக்கொண்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முந்திய பிஸ்டல் ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் கொடுப்போரும் உண்டு. அவர்கள் வாங்குவது தற்காப்பையா, கௌரவத்தையா என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த விலையில் பெரும்பகுதி பெயருக்கே போகிறது. உடைந்த வில்சுருளுக்கு மாற்றுக் கிடைக்காத துப்பாக்கி, பெயர் எவ்வளவு பெரிதானாலும், உயிருக்குத் துணையாகாது.

எஞ்சியவற்றில் தலைமையானது .32 அங்குல வாயளவு. சர்க்காரின் ஆயுதத் தொழிற்சாலைகள் இந்த அளவில் ரிவால்வரும் செய்கின்றன, பிஸ்டலும் செய்கின்றன. 2012-ம் வருஷம் டில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின்னர், 2014-ம் வருஷம் ஜனவரியில், 'நிர்பீக்' என்ற பெயருடன் ஒரு .32 ரிவால்வரைக் கான்பூர் தொழிற்சாலை வெளியிட்டது. டைட்டானியம் கலந்த உலோகத்தினால் ஆனது. எடை சுமார் 500 கிராம். ஆறு தோட்டாக்கள் கொள்ளுவது. அப்பொழுது குறிக்கப்பட்ட விலை 1,22,360 ரூபாய். பெண்களின் பாதுகாப்புக்காக என்று விளம்பரம் செய்யப்பட்ட இத்துப்பாக்கியின் விலை, கூலி வேலைக்குப் போய் இரவில் தனியே வீடு திரும்பும் பெண்ணின் ஒரு வருஷ வருமானத்துக்கு மேற்பட்டதாயிருந்ததைப் பலரும் அப்பொழுதே சுட்டிக் காட்டினார்கள். 2023-ம் வருஷம் ஆகஸ்டில் 'பிரபல்' என்னும் ரிவால்வர் வந்தது. அதற்கு முந்தியவை நடுவில் மடித்துத் திறந்து தோட்டா இடும் பழைய முறையைச் சேர்ந்தவை; இது தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் முறையில் அமைந்தது. எடை ஏறக்குறைய 700 கிராம், குழலின் நீளம் 76 மில்லிமீட்டர். ஐம்பது மீட்டர் வரை பாயும் என்று இதைப் பற்றிப் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் தற்காப்புச் சண்டை என்பது சில கஜ தூரத்தில், சில வினாடிகளில் நடந்து முடிவது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒருவனைச் சுட்டுவிட்டு, என் உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டேன் என்று கோர்ட்டில் சொல்ல எந்த வக்கீலும் எளிதில் துணியமாட்டார்.

கூடவே இருக்க வேண்டும்

நடைமுறையில் பயன்படும் துப்பாக்கிக்கு முதல் லட்சணம் யாது? ஆபத்து நேரும் வேளையில் அது கூடவே இருக்க வேண்டும் என்பதே. பெரிய துப்பாக்கியை வாங்கியவர் முதல் வாரம் பெருமையோடு அணிகிறார். இரண்டாம் வாரம் இடுப்பு வலிக்கிறது. மூன்றாம் வாரம் அது மோட்டார் வண்டியின் பெட்டிக்குள் போகிறது. அதன்பின் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் உள்ள பேதம் கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது தெரிவதில்லை. சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் இடுப்பில் தாங்கும்போது தெரியும்.

ஆனால் எடை குறைவதற்கும் எல்லை உண்டு. துப்பாக்கி எவ்வளவு இலேசோ, சுடும்போது அது கையில் உதைப்பதும் அவ்வளவு கடுமையாகும். ஒரு முறை உதை வாங்கியவர் அடுத்த முறை விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடிக்கொண்டு கையை நடுங்கவிடுவார், குறி தப்பும். குழல் குட்டையாக ஆக, முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே உள்ள தூரம் குறைந்து, கையின் சிறு பிழையும் இலக்கில் பெரும் பிழையாகிறது. ஆதலின் மறைத்து எடுத்துச் செல்ல எளிதான துப்பாக்கியே சுடுவதற்குக் கடினமானது. இரண்டு குணங்களுக்கும் நடுவே தமக்கு ஏற்ற இடத்தைக் கண்டுகொள்வதுதான் தேர்வு என்பதன் முழுப் பொருளும் ஆகும். .32 தோட்டாவின் உதைப்பு மெல்லியது. ஆகவே நம் நாட்டுச் சட்டம் விதித்துள்ள சிறிய வாயளவில், இலேசான ரிவால்வரும் பெரும்பாலோர் கைக்கு அடங்குவதாகவே இருக்கிறது. இது நமக்குக் கிடைத்த ஓர் அனுகூலம்.

மறைத்து அணிவது அமெரிக்காவில் பிரஜையின் விருப்பமும் ராஜ்யத்தின் அனுமதியும் பற்றிய விவகாரம். நம் நாட்டிலோ அது சட்டத்தின் கட்டளை. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு செல்கிறவர் அதனை உடலோடு சேர்த்த உறையிலோ, முதுகுப்பை போன்ற தக்கதொரு பையிலோ வைத்து, முழுதும் மூடப்பட்டிருக்கும்படியும் தமது கட்டுப்பாட்டிலேயே இருக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொது இடத்தில் அதை எடுத்து ஆட்டிக் காட்டுவது கண்டிப்பாக விலக்கப்பட்டிருக்கிறது. சட்டைக்கு மேல் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வலம் போகும் பிரமுகர்கள் இந்த விதியை ஒருமுறை படிப்பது நலம்.

ஆகையால் உறையும் துப்பாக்கியைப் போலவே கவனித்துத் தேர்ந்தெடுக்கத் தக்கது. நல்ல உறை விசையை முழுதும் மூடியிருக்க வேண்டும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் பற்றியிருக்க வேண்டும். எடுக்கும் கை எப்பொழுதும் ஒரே இடத்துக்கே போகும்படி அசையாமல் இருக்க வேண்டும். இதற்கு உறுதியான தோல்வார் அவசியம். வேஷ்டியின் மடிப்பு இந்தச் சுமையைத் தாங்காது. வேஷ்டி உடுத்துவோர் அதன்மேல் அகன்ற தோல்வார் கட்டி, தளர்ந்த ஜிப்பாவை மேலே விடுவதே வழி. சட்டைப் பையில் வெறுமனே போட்டுக்கொள்வதும், சாவிக் கொத்தோடும் சில்லறையோடும் கைப்பையில் கலந்து வைப்பதும் விபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். நமது கடற்கரை ஜில்லாக்களின் உப்புக் காற்றும் உடம்பின் வியர்வையும் எஃகை ஒரே மாதத்தில் துருப்பிடிக்கச் செய்யும். தினந்தோறும் துடைத்து, வாரந்தோறும் எண்ணெயிடச் சோம்புகிறவருக்குத் துப்பாக்கி தகாது.

ரிவால்வரா, பிஸ்டலா?

இவ்விரண்டில் எது உத்தமம் என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. ரிவால்வரில் தோட்டாக்கள் உருளையில் இருக்கின்றன; விசையை இழுக்க இழுக்க உருளை சுழன்று ஒவ்வொன்றாக வெடிக்கிறது. ஒரு தோட்டா வெடிக்காமல் ஏமாற்றினாலும், மறுபடியும் விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். விசை நீண்டதும் கடினமானதுமாகையால், எண்ணாமல் விரல் பட்டு வெடிப்பது அரிது. தோட்டா உள்ளதா இல்லையா என்பதைத் திறந்த மாத்திரத்தில் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அந்தக் கடின விசையே குறி தப்புவதற்கும் காரணமாகிறது. தோட்டாக்களும் ஐந்தோ ஆறோதான். தீர்ந்தபின் மறுபடியும் நிரப்புவது பரபரப்பில் எளிய காரியம் அல்ல.

பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள் இருக்கும் பெட்டியிலிருந்து மேலே வருகின்றன. அது தட்டையாயிருப்பதால் ஆடைக்குள் மறைவது எளிது, விசையும் இலகு, தோட்டாவும் கூடுதல். ஆனால் வெடித்த கூடு வெளியே தெறிக்காமல் சிக்கிக்கொண்டால், அதை உடனே நீக்கிச் சுடுவதற்குப் பழக்கம் வேண்டும். பெட்டியைக் கழற்றிய பின்னும் குழலில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். "காலியாக இருக்கிறது" என்று எண்ணிப் பிஸ்டலைத் துடைத்தவர்களின் கையில் அது வெடித்த செய்திகள் இதனால்தான் ஓயாமல் வருகின்றன.

இத்துறையில் நீண்ட அநுபவம் பெற்ற அமெரிக்காவைப் பார்த்தால், மறைத்து அணிவதற்கென்றே ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 1950-ம் வருஷத்தில் ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் சிறிய .38 ரிவால்வரை வெளியிட்டது. 1952-ம் வருஷத்தில், துணியில் சிக்காதபடி சுத்தியலை உடலுக்குள்ளேயே மறைத்த மற்றொன்றையும் செய்தது. அவற்றின் வழிவந்தவை இன்றும் அங்கே விற்பனையாகின்றன. 2018-ம் வருஷத்தில் ஸிக் ஸாவர் கம்பெனி ஏறக்குறைய அதே சிறு அளவில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலைச் செய்தபின், அங்குள்ளோரில் பலர் பிஸ்டல் பக்கம் சாய்ந்தனர். நமது யோசனை இதுதான்: வருஷத்துக்குச் சில முறையே சுட்டுப் பழகக்கூடியவருக்கு ரிவால்வரே ஏற்றது, இடைவிடாமல் பழகி, சிக்கலைக் கண் மூடித் தீர்க்கும் அளவுக்குக் கை தேர்ந்தவர் பிஸ்டலை நாடலாம். விரல் மூட்டுவலி உள்ளவருக்கு ரிவால்வரின் விசை கடினம். மணிக்கட்டு வலுவற்றவருக்குப் பிஸ்டலின் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுப்பது கடினம். வாங்குமுன் இரண்டையும் கையில் பிடித்து, தோட்டா இல்லாமல் இயக்கிப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

பெரிய குண்டு என்னும் மயக்கம்

.32 குண்டு சிறியது, அதனால் பயனற்றது என்று இகழ்வோர் பலர். அதன் வேகமும் எடையும் சேர்ந்த வலு 9 மில்லிமீட்டர் தோட்டாவின் வலுவில் பாதிக்கும் குறைவே என்பது மெய்தான். ஆயினும் இவர்கள் அமெரிக்க மத்திய துப்பறியும் இலாகாவின் கதையைக் கேட்பது நன்று. 1986-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி மயாமி நகரருகே இரு கொள்ளைக்காரருடன் நடந்த சண்டையில் அந்த இலாகாவினர் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளைக்காரரில் ஒருவன் மார்பில் 9 மில்லிமீட்டர் குண்டு பாய்ந்த பின்னும், அது இருதயத்தை எட்டாமல் நின்றுவிட்டதால், தொடர்ந்து சுட்டான். இதனால் இலாகா பெரிய குண்டை நாடிப் பத்து மில்லிமீட்டருக்கும், அதன் உதைப்பைத் தாங்க முடியாமல் பின்னர் .40 அளவுக்கும் மாறியது. சுமார் கால் நூற்றாண்டு கழிந்து, 2014-ம் வருஷத்து ஆராய்ச்சிக்குப் பின், மறுபடியும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. குண்டின் அமைப்பு இதற்கிடையே சீர்பட்டது ஒரு காரணம். உதைப்புக் குறைந்த துப்பாக்கியால் அவர்களுடைய ஆட்கள் விரைவாகவும் சரியாகவும் சுட்டார்கள் என்பது மற்றொரு காரணம். தவறிய பெரிய குண்டைக் காட்டிலும் பட்ட சிறிய குண்டு மேல் என்பதை, பெரும் பொருளையும் காலத்தையும் செலவிட்டு அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

தவறிய குண்டு எங்கே போகிறது என்பதும் யோசிக்கத் தக்கது. நமது கடைவீதிகளில் நாலடிக்கு ஒருவர் நிற்கிறார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்; பலகைக் கதவையும் தகரத் தட்டியையும் சிறு குண்டும் ஊடுருவும். எதிரியின் பின்னே நிற்பவர் யார் என்று பார்க்காமல் சுடுகிறவர், தம்மைக் காத்துக்கொண்டு அயலான் பிள்ளையைக் கொல்லக்கூடும்.

பழக்கம் இல்லாத ஆயுதம்

நியூயார்க் நகரப் போலீஸார் பயிற்சி பெற்றவர்கள். துப்பாக்கி தாங்குவது அவர்கள் தொழில். அவர்கள் 1998-க்கும் 2006-க்கும் இடையே எதிரியும் சுட்ட சண்டைகளில் சுட்ட குண்டுகளை ராண்டு நிலையம் ஆராய்ந்து, 2008-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்குப்படி, நூற்றுக்குப் பதினெட்டே இலக்கில் பட்டன. தொழிலாகக் கொண்டவரின் நிலையே இது என்றால், லைசென்ஸ் பெற்ற நாளிலிருந்து ஒரு தோட்டாவும் சுட்டறியாத வியாபாரியின் நிலையை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

இங்கேதான் நமது சர்க்காரின் கொள்கையில் உள்ள பெரிய குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-ம் வருஷத்துக் கடைசியில் நாடு முழுவதும் 33 லட்சத்துக்கு மேற்பட்ட லைசென்ஸுகள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மாத்திரம் 12 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் சுமார் 22,000. இத்தனை பேருக்கும் சுட்டுப் பழக இடம் எங்கே? பெரிய நகரங்களில் ரைபிள் கிளப்புகள் உண்டு. ஜில்லா நகரங்களில் பலவற்றில் அதுவும் அரிது. தோட்டாவோ லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க இயலாது. வாங்கியதைப் பழக்கத்தில் செலவழித்துவிட்டால் ஆபத்துக்கு இருக்காது என்று அஞ்சி, ஒரே பெட்டித் தோட்டாவைப் பத்து வருஷம் பூஜை செய்து வைத்திருப்போர் உளர். 2016-ம் வருஷத்து விதிகள், பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும் என்று கூறுவது நல்லதே. ஆனால் ஒருநாள் பயிற்சியும் ஒரு காகிதமும் கையைப் பழக்கிவிடா. ஆயுதத்தைக் கொடுத்துப் பயிற்சியை மறுக்கும் சர்க்கார், பிரஜையையும் பாதுகாக்கவில்லை, அவன் அயலாரையும் பாதுகாக்கவில்லை. தேர்தல் வந்தால் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிடத் தெரிந்த அதிகாரிகளுக்கு, அவர்களை வருஷத்துக்கு நான்கு முறை சுடும் திடலுக்கு அழைக்கவும் தெரிய வேண்டாமா?

சுடும் உரிமையின் எல்லை

துப்பாக்கி வாங்குகிறவர் அதன் கூடவே வாங்கிப் படிக்க வேண்டியது சட்டப் புஸ்தகம். தற்காப்பு உரிமை 1860-ம் வருஷத்து இந்தியப் பீனல் கோடில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்தது. 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. எண் மாறியதேயன்றி அடிப்படை மாறவில்லை. மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல், பலாத்காரம், ஆள் கடத்தல், அமிலம் வீசுதல் முதலிய சிலவற்றுக்கே, எதிரியின் உயிர்போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ளலாம். தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது. போலீஸாரின் உதவியை நாட அவகாசம் இருந்தபோது இந்த உரிமை இல்லை. ஓடுகிற திருடனின் முதுகில் சுடுகிறவர் தற்காப்புச் செய்தவராக மாட்டார். வரப்புத் தகராறிலும் வாய்ச் சண்டையிலும் இடுப்பைத் தொட்டுக் காட்டுகிறவர், ஆயுதத்தையும் இழப்பார், விடுதலையையும் இழப்பார்.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஆயுத உரிமை 1791-ம் வருஷத்திலேயே அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சுப்ரீம் கோர்ட் 2008-ம் வருஷத்திலும், வெளியே தாங்கிச் செல்லும் உரிமையை 2022-ம் வருஷத்திலும் உறுதி செய்தது. ஐம்பது ராஜ்யங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் மறைத்து அணிய அனுமதிச் சீட்டே வேண்டுவதில்லை. அந்தச் சுதந்திரத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவோர், அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023-ம் வருஷத்தில் அங்கே துப்பாக்கியால் மாண்டவர் 46,000-க்கு மேல். அவர்களில் 27,000-க்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் நடந்து 2020-ம் வருஷத்தில் வெளியான பெரியதோர் ஆராய்ச்சி, கைத்துப்பாக்கி உடைய ஆண்கள், இல்லாத ஆண்களைக் காட்டிலும், துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது ஏறக்குறைய எட்டு மடங்கு என்று கண்டது. வாசலில் வரும் கள்வனை எண்ணி வாங்கிய ஆயுதம், வீட்டுக்குள் இருக்கும் துயரத்தின் கையில் அகப்படுவதையே இக்கணக்கு காட்டுகிறது.

ஆகையால் மதுப் பழக்கம் உள்ள வீட்டிலும், மனம் நொந்தவர் இருக்கும் வீட்டிலும், ஓயாத குடும்பச் சண்டை நடக்கும் வீட்டிலும் துப்பாக்கி இருக்கலாகாது. மற்ற வீடுகளில், உடம்பில் இல்லாத நேரமெல்லாம் அது பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். தலையணைக்கடியும் துணிகளின் அடுக்கும் மறைவிடங்கள் அல்ல. குழந்தைகள் அறியாத இடம் வீட்டில் கிடையாது. சாவி உடையவரிடமே இருக்க வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே கருதுவது, சுட விரும்பாத எதன்மேலும் குழலை நீட்டாதிருப்பது, குறி வைத்துச் சுடத் தீர்மானிக்கும் வரை விசையில் விரல் வையாதிருப்பது, இலக்கையும் அதன் பின்னே உள்ளதையும் அறிந்துகொள்வது ஆகிய நான்கு விதிகளும், தூக்கத்திலும் மறவாதபடி பழக வேண்டியவை.

நாம் கூறியவற்றைத் தொகுத்துச் சொன்னால், தேர்வின் வரிசை ஜனங்கள் சாதாரணமாக எண்ணுவதற்கு நேர் மாறானது. முதலில் தம் வீட்டையும் தம் சுபாவத்தையும் ஆராய வேண்டும். அடுத்துச் சட்டத்தை அறிய வேண்டும். பிறகு பழகும் இடத்தையும் கற்பிப்பவரையும் தேட வேண்டும். அதன்பின் உறையும் தோல்வாரும் இரும்புப் பெட்டியும் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாகவே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பொழுது பெரும்பாலோருக்கு ஏற்றது, தினமும் சிரமமின்றி அணியத்தக்க எடையும், விரல் இழுக்கத்தக்க விசையும், உடைந்தால் பழுது பார்க்கும் வசதியும் உள்ள ஒரு சாதாரண .32 ரிவால்வராகவே இருக்கும். அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. பெருமை பேச வாங்கும் பொருளும் அன்று.

சர்க்காருக்கு நாம் சொல்வது இது: லைசென்ஸ் வழங்கும் ஒவ்வொரு ஜில்லாவிலும் சுடும் திடல் ஒன்று அமைக்க வேண்டும், அங்கேயே வாங்கி அங்கேயே செலவிடும் பழக்கத் தோட்டாவை லைசென்ஸ் கணக்கில் சேர்க்காமல், மலிவாகக் கொடுக்க வேண்டும், வருஷந்தோறும் திடலில் தேறாதவரின் லைசென்ஸைப் புதுப்பிக்கலாகாது. காந்தியடிகள் தற்காப்புக்கு லைசென்ஸ் கேட்டபோது, பொதுஜனக் கட்டுப்பாட்டையும் கூடவே கேட்டார். உரிமையும் கட்டுப்பாடும் ஒன்றை விட்டு ஒன்று நில்லா. லைசென்ஸ் உடைய நேயர்களுக்கு நாம் சொல்வது அதனினும் சுருக்கமானது: மாதம் ஒருநாள் பழகச் சித்தமாயிருங்கள், அதற்கு மனமில்லையெனில், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு நல்ல பூட்டொன்று வாங்குங்கள்.